பெட்டி கடையிலே, பெயர் விரலிலே

சாத்தான்குளம் கடைத்தெருவில் பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு ஆளைப் பார்த்தாலே போதும். பனங்காட்டு வேலை முடிந்து வருகிற பெரியவர் வாய் திறக்கும் முன்னே பீடிக்கட்டு வெளியே வந்துவிடும். சலவைச் சட்டை போட்ட காண்ட்ராக்டருக்குக் கோல்ட் ஃபிளேக் கிங்ஸ். முதல் சம்பளம் வாங்கிய தம்பிதான் அண்ணாச்சியைத் திணறவைப்பவன். நேற்றுவரை சின்ன கோல்டு கேட்டவன், இன்று பக்கத்தில் நிற்பவர்கள் காதிலும் விழும்படி, "அண்ணாச்சி, ஒரு கிங்ஸு" என்பான். சம்பள உயர்வை ஊருக்கு அறிவிக்க அவனுக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

இந்தத் தகுதிப் பட்டியல் நேற்று வந்ததல்ல. கல்யாண வீட்டில் வெற்றிலைத் தாம்பாளத்தோடு சிகரெட்டும் வைத்த காலம் உண்டு. என்ன சிகரெட் என்பதை வைத்தே பெண் வீட்டாரின் கையை எடைபோட்டார்கள். பாசிங் ஷோ பெட்டியில் உயரத் தொப்பி வைத்த துரை இருந்தார். பில்டர் இல்லாத சார்மினாரைச் சத்யஜித் ராய் தன் துப்பறியும் கதை நாயகன் ஃபெலுடாவின் விரலில் வைத்தார். காரமான சிகரெட்டுக்கு மூளைக்காரன் என்ற பட்டம் இலவசம். வில்ஸ் இணைபிரியாத தம்பதிகளுக்குப் போட்டி நடத்தியது. ரெட் அண்ட் ஒயிட் பெயரில் வீரச் செயலுக்கு விருதே கொடுத்தார்கள். நுரையீரலை அரிக்கும் சரக்குக்குக் காதலும் வீரமும் வாடகைக்கு வந்தன.

அமெரிக்காவில் இந்த வித்தை இன்னும் பெரிதாக நடந்தது. 1924இல் பெண்களுக்கான மென்மையான சிகரெட்டாக வந்த மார்ல்பரோ, 1950களில் குதிரையேறிய கௌபாய் கைக்கு மாறியது. விளம்பரத்தில் அந்தக் கௌபாயாக நின்றவர்களில் ஒருவரான டேவிட் மெக்லீன் 1995இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

பீடிக்கு இப்படித் துரையோ கௌபாயோ வாய்க்கவில்லை. முக்கூடல் சொக்கலால், நெல்லை காஜா, செய்யது என்று ஊரும் ஆளும்தான் அதன் விலாசம். அதைச் சுற்றும் பெண்ணை எந்த லேபிளிலும் காணோம். மடியில் சொளகு, ஒரு கையில் கத்தரி, நனைத்து வெட்டிய இலை, நடுவில் ஒரு சிட்டிகைத் தூள், சுருட்டி நுனி மடித்து நூல் கட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பீடிகூடக் குடிக்காமலே புகையிலைத் தூள் அவள் மூச்சில் ஏறுகிறது.

2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்துக்குப் பின் சிகரெட் விளம்பரப் பலகைகள் ஒழிந்தன. அந்த வேலையைத் திரையுலகம் அதற்கு முன்பிருந்தே சம்பளமில்லாமல் செய்துவந்தது. எம்.ஜி.ஆர். திரையில் புகைப்பதைத் தவிர்த்தார். ரஜினியோ சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடித்து ஒரு தலைமுறையையே பயிற்சிக்கு அனுப்பினார். 2002இல் அவருடைய 'பாபா' படத்துக்கு எதிராகப் பாட்டாளி மக்கள் கட்சி தெருவில் இறங்கியது. 2018இல் 'சர்கார்' படத்தின் முதல் போஸ்டரில் விஜய் வாயில் சிகரெட் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள்.

2016 ஏப்ரல் முதல் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் சாத்தான்குளத்துத் தம்பி பெட்டியாக வாங்குவதே இல்லை. ஒன்று வாங்குகிறான், கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைக்கிறான், நடக்கிறான். புண்ணாகிப்போன தொண்டையின் படம் அண்ணாச்சியின் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. பில்டரை ஒட்டிப் பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர் மட்டும் அவன் விரலோடு போகிறது.

கனடா 2023இல் ஒவ்வொரு சிகரெட்டின் மீதும் எச்சரிக்கை அச்சிடும் விதியைக் கொண்டுவந்தது. மகாராஷ்டிரம் 2020இல் சிகரெட், பீடியை உதிரியாக விற்பதற்குத் தடை போட்டது. உதிரி விற்பனைத் தடையை நம் ஊரில் நடைமுறைப்படுத்துவது கஷ்டம். முதலில் அடிபடுவது சிறு கடைக்காரர்தான், கம்பெனி அல்ல. கனடா வழி அப்படியல்ல. சிகரெட்டில் பெயர் அச்சிடும் அதே எந்திரத்தால் எச்சரிக்கையையும் அச்சிட முடியும். செலவும் கம்பெனியைச் சேர்ந்தது. ஒன்றிய அரசு அந்த விதியைக் கொண்டுவர வேண்டும், தமிழிலும் அச்சிட வேண்டும் என்று இவ்விதழ் கேட்கிறது.