ஆழம் குறைஞ்சா ஆபத்தும் குறையுமா? அந்தமான் 'பிகினர்' ஸ்கூபா: கையெழுத்து போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

அந்தமான் டூர் பேக்கேஜ் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'நீச்சல் தெரிய வேண்டாம், ஸ்கூபா டைவிங் செய்யலாம்'. ஸ்வராஜ் தீவில், அதாவது 2018 டிசம்பர் வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட தீவில், இந்த வரியை நம்பிப் போகிறவர்களில் நிறைய பேர் இறங்கும் இடம் நீமோ ரீஃப். படகே தேவையில்லை. கரையிலிருந்து நடந்தே தண்ணீருக்குள் போய்விடலாம். சில மீட்டரில் தொடங்கும் பவளப்பாறை, கோமாளி மீன், 20 முதல் 30 நிமிடம், கையோடு வீடியோ.

அந்த வரி பொய் இல்லை. ஆனால் 'ஆழம் கம்மி, அதனால் பயமில்லை' என்று நாம் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். பிரச்னை அங்கேதான். ஆழம் குறைவாக இருப்பது மனிதரின் நுரையீரலுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை, பவளப்பாறைக்கும் இல்லை.

முதல் 10 மீட்டரில் என்ன நடக்கிறது?

கடல் மட்டத்தில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டலம் சேரும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

இதை விகிதமாகப் பாருங்கள். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால், நுரையீரலில் அடைபட்ட காற்று 1.33 மடங்காக விரியும். வெறும் 5 மீட்டரிலிருந்து மேலே வந்தால்? 1.5 மடங்கு. 10 மீட்டரிலிருந்து வந்தால் சரியாக 2 மடங்கு. ஆக, விகிதப்படி பெரிய மாற்றம் நடப்பது 'பிகினர்' பகுதியில்தான். காது முதலில் வலிப்பதும் இங்கேதான். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சமன் செய்யச் சொல்வது அதனால்தான்.

எனவே ஸ்கூபாவின் முதல் விதி ரொம்ப எளிமையானது: மூச்சைப் பிடிக்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவர்கள் தண்ணீருக்குள் பழக்கத்தில் செய்வது இதற்கு நேர் எதிரானது. மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்ததும் பதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்து ரத்தத்துக்குள் குமிழியாக நுழையலாம். அந்தக் குமிழி மூளைக்குப் போனால் பக்கவாதம் போன்ற நிலை வரும். இதற்கு ஒன்றிரண்டு மீட்டர் ஆழமே போதும்.

இது வெறும் பாடப்புத்தக பயமுறுத்தல் இல்லை. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' ஆய்வாளர்கள் அலசினார்கள். காரணம் கண்டுபிடிக்க முடிந்தவற்றில் மூச்சுத்திணறல் 33%, ரத்தத்தில் காற்றுக்குமிழி 29%, இதயப் பிரச்னை 26%. சுறா பயம் இருந்தால் இந்தப் பட்டியலைப் பார்த்து அதை விட்டுவிடலாம். பயப்பட வேண்டியது பதற்றத்துக்கும், சொல்லாமல் மறைத்த இதய நோய்க்கும்.

அப்படின்னா போகக் கூடாதா?

போகலாம். சரியாக நடத்தினால் இது கட்டுப்பாடான அனுபவம்தான். நீங்கள் செய்யப்போவது பயிற்சி இல்லாத அறிமுக டைவ். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், குறைந்தபட்ச வயது 10. அந்தமானில் பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் இருப்பார், சிலிண்டரைப் பின்னாலிருந்து அவரே பிடித்து ஓட்டுவார். 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் இதிலிருந்து வேறு: மூன்று நான்கு நாள் பயிற்சி, 18 மீட்டர் வரை அனுமதி, அதற்கு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். அறிமுக டைவ் முடித்துவிட்டு 'நான் டைவர்' என்று சொல்வது, டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டு லைசென்ஸ் கேட்பது மாதிரி.

இறங்குவதற்கு முன் இடுப்பளவு தண்ணீரில் சில பயிற்சிகள் தருவார்கள்: வாயிலிருந்து ரெகுலேட்டர் விலகினால் திரும்ப எடுப்பது, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, கை சைகைகள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் கடலுக்குள் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகணும்' என்று அர்த்தம். சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டி, இரண்டே நிமிடத்தில் மேலே கொண்டுவரப்படுபவர்கள் உண்டு! இந்தப் பயிற்சியை ஐந்து நிமிடத்தில் முடித்து 'வாங்க, போலாம்' என்றால், அங்கேயே நின்று கேளுங்கள்.

பிறகு அந்த மருத்துவப் படிவம். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேட்கும். 'எல்லாத்துக்கும் நோ போட்டுருங்க சார், இல்லன்னா டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க' என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. மேலே பார்த்த 26 சதவீதம் ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்தது விமானம். அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்திருக்கும், வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது என்பது பரிந்துரை. நான்கு நாள் பேக்கேஜில் ஸ்கூபாவைக் கடைசி நாள் காலையில் வைத்து, மதியம் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஃபிளைட் என்று அட்டவணை இருந்தால், நாளை மாற்றச் சொல்லுங்கள்.

இந்தியாவில் சாகசச் சுற்றுலாவுக்கான வழிகாட்டி விதிகள் 2018-ல் வெளியாயின. ஸ்கூபாவும் அதில் உண்டு. ஆனால் அவை வழிகாட்டிதான், சட்டம் இல்லை. ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பில் பெரும்பகுதி டிக்கெட் வாங்குபவர் தலையில் விழுகிறது. பயிற்றுநரின் சான்றிதழ் எண், கரையில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா, அருகிலுள்ள அழுத்த சிகிச்சை அறை எங்கே: இந்த மூன்றையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். இன்னொன்று, சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. அதனால்தான் தனியாக ஆக்சிஜன் கிட் வேண்டும்.

பாறையின் பக்கத்திலிருந்து பார்த்தால்

இந்தியாவின் மொத்தப் பவளப்பாறைப் பரப்பு சுமார் 2,375 சதுர கிலோமீட்டர்தான். அதில் கரையிலிருந்து நடந்து போகக்கூடிய, ஆழமில்லாத, அலை அடிக்காத இடங்கள் மிகக் கொஞ்சம். ஆனால் முதல்முறை வருபவர்கள் மொத்தமாக இறங்குவது அந்தக் கொஞ்ச இடத்தில்.

பவளப்பாறை எத்தனை டைவ்களைத் தாங்கும் என்று 1990-களில் ஆய்வுகள் நடந்தன. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அளவு, ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 6,000 டைவ். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரே இடத்தில் பத்து கடைகள், கடைக்கு நாளைக்கு நான்கு பேர், சீசனில் 200 நாள் என்று வைத்துக்கொண்டால்: 10 × 4 × 200 = 8,000. இது நிஜ எண்ணிக்கை இல்லை, உதாரணம்தான். ஆனால் வரம்பைத் தாண்ட பெரிய கூட்டமெல்லாம் தேவையில்லை என்பது இதிலிருந்து புரியும். அந்த வரம்புகூட, ஓரளவு பயிற்சி பெற்ற டைவர்களை வைத்துச் சொன்னது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் ஃபின்னை உதைத்தால் கிளைப் பவளம் ஒடியும், மணல் கிளம்பி பாறைமேல் படியும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். போட்டோவுக்காக அதன்மேல் முட்டி போடுவது எத்தனை வருட வளர்ச்சி என்று நீங்களே கணக்கிடலாம்.

கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. உடைத்து எடுத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கரையில் கிடந்த செத்த பவளத் துண்டைப் பையில் போட்டு வந்தாலும் விமான நிலையத்தில் பிடிபடும்.

டைவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. பெரிய எதிரி வெப்பம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே, பவளம் தனக்குச் சோறு போடும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். நான்காவது உலகளாவிய வெளுப்பு நடப்பதாக அமெரிக்காவின் நோவா 2024 ஏப்ரலில் அறிவித்தது. லட்சத்தீவில் பவளம் கடுமையாக வெளுத்திருப்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அடுத்த மாதமே பதிவு செய்தது. அங்கே மூன்று தீவுகளில் நீண்டகாலம் நடந்த கண்காணிப்பில், உயிருள்ள பவளப் பரப்பு 1998-ல் சுமார் 37 சதவீதமாக இருந்தது, 2022-ல் சுமார் 19-க்கு வந்துவிட்டது. வெப்பமும் வெளிச்சமும் முதலில் தாக்குவது ஆழமில்லாத பகுதியைத்தான். அதாவது, நாம் இறங்கும் அதே இடத்தை.

வெளுத்த பவளம் உடனே செத்துவிடாது. கடல் குளிர்ந்தால், தொந்தரவு இல்லாவிட்டால், மீளலாம். அந்த இடைவெளியில் அதன்மேல் தினமும் எத்தனை ஃபின் படுகிறது என்பது முக்கியம்.

இதற்கு வழி ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதே அந்தமானில், வண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில், ஜாலி பாய் தீவையும் ரெட் ஸ்கின் தீவையும் மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். ஒன்றில் கூட்டம் இருக்கும்போது மற்றொன்று ஓய்வெடுக்கும். பிளாஸ்டிக்குக்கும் தடை. நீமோ ரீஃப் அந்தப் பூங்காவுக்கு வெளியே இருக்கிறது.