எளிமையின் எடை 86 கிராம்

தேரடி வீதியில் மாலை வேளைகளில் பூ விற்கும் மூதாட்டி ஒருவரிடம் பல ஆண்டுகளாக நான் வாடிக்கையாளன். அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசுகளோடு ஒரு பட்டன் போனும் கிடக்கும். பின்மூடியின் கொக்கி என்றோ உடைந்துவிட்டதால் அதன் இடுப்பில் இரண்டு சுற்று ரப்பர் பேண்டு. பொத்தான்களின் மேல் இருந்த எண்கள் தேய்ந்துபோயின. அவருக்கு அவை வேண்டியதுமில்லை. எதை அழுத்திப் பிடித்தால் மகள் எடுப்பாள், எதை அழுத்திப் பிடித்தால் பூமண்டிக்காரர் எடுப்பார் என்பதை விரல் அறியும்.

மாத நடுவில் ஒருநாள் என்னை நிறுத்தி, "இன்னா வந்துக்கீதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு சார்" என்று அதை நீட்டினார். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாய் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டதாக வங்கியின் குறுஞ்செய்தி, அதுவும் ஆங்கிலத்தில். சொன்னேன். வாங்கி, ரப்பர் பேண்டைச் சரிசெய்து, பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆயா, வேற போன் வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்டுவைத்தேன். "ஏன் சார், இது நல்லாத்தான கீது?" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நன்றாகத்தான் இருந்தது. என் சட்டைப்பையில் இருந்த, அதைப்போல் பதினைந்து மடங்கு விலையுள்ள கருவியோ, மூன்றாம் ஆண்டிலேயே மின்கலம் சோர்ந்து, திரையில் கீறல் விழுந்து, மாற்றச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டிருந்தது.

*

தமிழாசிரியன் ஆதலால் சொல்லிலிருந்து தொடங்குவது என் பழக்கம். 'எளிமை' என்னும் சொல்லுக்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று, அருமைக்கு எதிர்ப்பதமான இலகு. மற்றொன்று, வறுமை அல்லது தாழ்வு. 'எளியோர்' என்பது இப்பொருளில் பிறந்தது. மூன்றாவது, எட்டும் தன்மை. வைணவ உரையாசிரியர்கள் 'சௌலப்யம்' என்று பெயரிட்டு உருகிய குணம் இதுவே. எட்டா உயரத்தில் இருப்பவன் அடியவனின் கைக்கு எட்டும்படி இறங்கி வருவது அவனுக்குக் குறைவன்று, பெருமை என்பது அவர்கள் கொள்கை.

பொருள்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் முதலிரண்டு பொருள்களைக் குழப்பிக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறோம். எளிய கருவி என்றால் எளியவர்க்கான கருவி. எளியவர்க்கானது என்றால் தரம் குறைந்தது என்று ஒரு தவறான சங்கிலி நம் மனத்தில் ஓடுகிறது. இச்சங்கிலியை அறுத்துக் காட்டிய பொருள் ஒன்று நம் காலத்திலேயே வந்தது. 2003 இல் வெளியான நோக்கியா 1100 என்னும் செல்பேசியைச் சொல்கிறேன்.

அக்காலத்தை இன்றைய மாணவர்களுக்கு விளக்குவது கடினம். இந்தியாவில் 1995 இல் செல்பேசிச் சேவை தொடங்கியபோது அது செல்வரின் இடுப்பில் தொங்கும் அணிகலன். வரும் அழைப்புக்கும் காசு வாங்கினார்கள். 2003 மே மாதத்தில்தான் வரும் அழைப்புகள் கட்டணமின்றி ஆயின. கதவு திறந்த அதே ஆண்டில், திறந்த கதவின் வழியே நுழையும் மனிதர்களை மனத்தில் வைத்து அந்தச் செல்பேசி வந்தது.

அதன் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். எடை 86 கிராம். பொத்தான்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே ரப்பர் விரிப்பாக அமைந்து, தூசி உள்ளே புகாமல் தடுத்தன. வியர்த்த கையிலிருந்து நழுவாதபடி பக்கங்களில் சொரசொரப்பு. வண்ணமற்ற சிறு திரை மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடித்தது. உச்சந்தலையில் ஒரு சிறு விளக்கு. 'சி' பொத்தானை அழுத்திப் பிடித்தால் எரியும். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், மின்கலம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று சிதறும்; பொறுக்கிச் சேர்த்து அழுத்தினால் உயிர்பெறும். சிதறியதே அதன் பாதுகாப்பு. அடியின் வேகம் மூன்று துண்டுகளுக்கும் பகிர்ந்து போய்விடும்.

இவற்றில் ஒன்றுகூட ஆடம்பரமில்லை, ஒன்றுகூடத் தற்செயலுமில்லை. புழுதி இருக்கும், கை வியர்க்கும், மின்சாரம் போகும், இருட்டில் நடக்க வேண்டியிருக்கும், கைதவறும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எங்கோ கலிபோர்னியாவில் இருந்த வடிவமைப்பாளர்கள் நம்மூர்ப் புழுதியை ஒரு குறையாகக் கருதாமல் ஒரு நிபந்தனையாக ஏற்றுக்கொண்டார்கள். உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றது. 2005 இல் அந்நிறுவனத்தின் நூறு கோடியாவது செல்பேசியாக நைஜீரியாவில் விற்பனையானதும் ஒரு 1100 தான். 2013 இல் வந்த நோக்கியா 105, 70 கிராம் எடையில் அந்த மரபைத் தொடர்ந்தது.

*

அந்த விளக்கின் அருமையை அறிய எங்கள் ஊரின் இரவுகளை அறிந்திருக்க வேண்டும். 2008 தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் தமிழகம் கண்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் அமாவாசையில் மலை சுற்றுவோரையும், விடியுமுன் பூப்பறிக்கத் தோட்டத்துக்குப் போவோரையும் வழிநடத்தியது அந்தச் சிறு வெளிச்சமே. பதினான்கு கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைத் தாண்டியபின் கால் தளர்ந்து, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில், அதில் எப்போதும் மின்சாரம் மிச்சமிருந்தது.

பழுது பார்ப்பதும் ஊருக்குள்ளேயே நடந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்துகளில் ஒரு மேசை, ஒரு திருப்புளி, ஒரு பற்றவைப்புக் கோல் இவற்றை மூலதனமாகக் கொண்டு எத்தனையோ இளைஞர்கள் பிழைத்தார்கள். மேற்கூடு மாற்றலாம், பொத்தான் விரிப்பு மாற்றலாம். மின்கலத்தை மாற்ற நகக்கண் போதும். பிஎல்-5சி என்ற அந்த மின்கலத்தின் கதையே தனி. 2007 ஆகஸ்டில், ஒரு குறிப்பிட்ட உற்பத்தியாளரின் 4 கோடியே 60 இலட்சம் மின்கலங்கள் சூடேறக்கூடும் என்று நோக்கியா எச்சரித்து மாற்றித்தர முன்வந்தபோது, ஊரே செல்பேசியின் முதுகைத் திறந்து எண் பார்த்தது. அந்தப் பரபரப்பையும் தாண்டி அம்மின்கலம் வாழ்ந்தது. கிரிவலப் பாதைக் கடைகளில் விற்கும் சிறிய பாட்டுப் பெட்டிகள் பலவற்றின் முதுகைத் திறந்தால் உள்ளே அதே அளவு மின்கலம் இருக்கக் காணலாம். செல்பேசி போனபின்னும் அதன் இதயம் 'ஓம் நமசிவாய' என்று துடித்துக்கொண்டிருக்கிறது!

பழுது பார்த்துப் பயன்படுத்துவது எங்கள் ஊருக்கு அந்நியமான அறமன்று. இரமண மகரிஷி, கிழிந்த துணியை முள்ளை ஊசியாகக் கொண்டு தைத்துக்கொண்ட செய்தி இங்கே சிறுவர்க்கும் தெரியும். இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தியடிகளும் 1924 இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைப் பொறாத ஒருவரின் அன்பில் பிறந்த கருவி என்பது அவர் சொன்ன காரணம். பயன்படுத்துபவரின் துன்பத்தை யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்பதே கருவிக்கு அவர் வைத்த உரைகல். அந்த உரைகல்லில் உரசினால் பட்டன் போன் தேறும் என்றே நினைக்கிறேன்.

*

இத்துடன் நிறுத்தினால் இது வெறும் பழம்பெருமைப் பாட்டாகிவிடும். மறுபக்கம் ஒன்றுண்டு, அதையும் எங்கள் மாவட்டம் அறியும்.

2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எளிய செல்பேசிகள் அங்கிருந்து உள்நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் போயின. உச்ச காலத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் நேரடிப் பணியில் இருந்தனர்; பெரும்பான்மையினர் இளம்பெண்கள். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்திலிருந்தும் பெண்கள் போனார்கள். நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், முதலாண்டு வகுப்பிலிருந்து இருவர் இடையில் நின்று அங்கே சேர்ந்தனர். அவர்களில் ஒருத்தி முதல் சம்பளத்தில் தந்தைக்குச் செல்பேசி வாங்கிக்கொடுத்துவிட்டு, கல்லூரிக்கு வந்து என்னிடம் காட்டினாள். "இந்த மாதிரிதான் சார், நாங்க ஒரு ஷிப்டுக்கு எவ்ளோ பண்றோம் தெரியுமா?" என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமிதத்தை எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் நான் கண்டதில்லை.

அப்பெருமிதம் நீடிக்கவில்லை. 2010 இல் ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2013 இல் வருமான வரித் தகராறு எழுந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்பேசித் தொழில் மைக்ரோசாப்டின் கைக்குப் போனபோது, வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! அச்சொற்றொடரின் விபரீதத்தை என்னவென்பது? அவர்கள் கோத்த செல்பேசிகள் எத்தனையோ இன்றும் யார் யார் பைகளிலோ ஒலித்துக்கொண்டிருக்கலாம். பொருளுக்கு வாய்த்த ஆயுள் வேலைக்கு வாய்க்கவில்லை. எளிமையின் மூன்றாம் பொருளைத் தாங்கிவந்த கருவி, அதைச் செய்தவர்களை இரண்டாம் பொருளிலேயே விட்டுச்சென்றது.

*

இன்று என்ன நிலை? பட்டன் போன் சாகவில்லை. 2023 இல் 999 ரூபாய்க்கு 4ஜி வசதியோடு ஜியோபாரத் வந்தது. 2022 மார்ச்சில், இணையமில்லாச் செல்பேசியிலிருந்தும் பணம் அனுப்ப 'யுபிஐ 123பே' என்ற ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. கருவி இன்னும் இறங்கி வரத் தயாராகவே இருக்கிறது. ஏற மறுத்தால் தண்டிப்போம் என்று நிற்பவர்கள் நாம்தான்.

கட்டணத்தைப் பாருங்கள். பேசுவதற்கு மட்டுமே கருவி வைத்திருப்பவரும் இணையத்துக்குச் சேர்த்துக் காசு கட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2025 ஜனவரியில் பெரிய நிறுவனங்கள் கொண்டுவந்தவை 84 நாள், ஓராண்டு என்ற நீண்ட காலத் திட்டங்கள். நானூறு ரூபாய்க்கு மேல் ஒரே தவணையில் எடுத்துவைக்க அன்றாடங்காய்ச்சியால் இயலுமா? விதியின் எழுத்து நிறைவேறிற்று, கருத்து நிறைவேறிற்றா?

பிறரைக் குற்றம் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளை மாணவர்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு என்னுடையது. வாட்ஸப் குழுவில் ஒரு வரி தட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்தேன். ஜவ்வாது மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் நாள் கடந்தபின் அபராதத்தோடு கட்டினான். "ஏம்ப்பா, குழுவுல போட்டிருந்தேனே?" என்று கடிந்துகொண்டேன். "நான் குரூப்புல இல்லைங்க சார். என்னுது பட்டன் போனுங்க" என்றான். குரலில் குறையே இல்லை. தவறு தன்னுடையது என்றே அவன் நம்பியிருந்தான். அதுதான் என்னைச் சுட்டது. ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் சில நாள் கூலியை என் சோம்பலுக்குத் தண்டமாகக் கட்டிவிட்டு, அவன் என்னிடம் மன்னிப்பும் கேட்டான்.

அன்றிலிருந்து அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டுகிறேன். குழுவில் இல்லாதவர்க்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறேன். பத்து நிமிட வேலை. இதில் தியாகம் ஒன்றுமில்லை.

தொடுதிரைக் கருவியை நான் பழிக்கவில்லை. அச்சில் கிடைக்காத நூல்களை என் மாணவர்கள் அதில்தான் படிக்கிறார்கள். 2020 இன் தொற்றுக்காலத்தில் அது இல்லாத பிள்ளைகள் இழந்த கல்வியை நேரில் கண்டவன் நான். வேண்டுபவர்க்கு அது கிடைக்கட்டும். ஆனால் வைத்திருப்பது வசதியாக இருக்கலாமே ஒழிய, குடிமகனாக இருப்பதற்கு நிபந்தனையாகக் கூடாது.

உலகின் போக்கும் சற்றே திரும்புவதுபோல் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய விதி, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும் என்று, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி முதல் கோருகிறது. நம் நடுவணரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. தேரடி வீதி மூதாட்டியின் நகக்கண் அறிந்திருந்த உரிமையைச் சட்டமாக எழுத உலகுக்கு இத்தனை காலம் ஆயிற்று.

நான் கேட்பது பெரிதல்ல. மலிவான பொருளையும் அக்கறையோடு செய்யுங்கள் என்று செய்பவர்களிடம் கேட்கலாம். அவர் கையிலிருக்கும் கருவியில், அவர் மொழியில், அவருக்கு வரவேண்டிய செய்தியை அனுப்புங்கள் என்று வங்கியிடமும் அலுவலகத்திடமும் கேட்கலாம். அதற்குமுன், அடுத்தமுறை யாரிடமாவது எண் கேட்கும்போது, "இதுல வாட்ஸப் இருக்கா?" என்று நம் வாய் தானாகக் கேட்பதை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கலாம்.

பூக்கார அம்மாளின் செல்பேசிக்குப் புதிய பின்மூடி கிடைக்குமா என்று சந்துக்கடையில் விசாரித்திருக்கிறேன். பழைய பெட்டியில் தேடிப்பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ரப்பர் பேண்டு தாங்கும்.