பிஷ் பைண்டர் வாங்கலாமா? போனை நம்பி வேண்டாம்!

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து என்ன வாங்குவார்கள்? பிரிண்டர், ஸ்பீக்கர் என்றுதான் பலரும் சொல்வீர்கள். ஆனால் மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் இருந்து திண்டிவனம் வந்து என்னைப் பார்ப்பவர்கள் கேட்பது வேறு. "சார், கையடக்க பிஷ் பைண்டர் வாங்கலாமா? போனிலேயே மீன் தெரியுமாமே?" ஏரிக்குத் தூண்டிலோடு போகும் விழுப்புரம் நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். ஏரிக்கு அது விளையாட்டுச் சாமான், வாங்கிப் பாருங்கள். ஆனால் பைபர் படகில் கடலுக்குச் செல்பவர், போனில் இயங்கும் கருவியைத் தன் முதல் கருவியாக வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ட்ரான்ஸ்டியூசர் என்னும் பகுதி தண்ணீருக்குள் ஒலி அலையை அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பும் நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும். எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால் ஆழம் 30 மீட்டர். ஜப்பானின் புருனோ நிறுவனம் 1948ல் விற்பனைக்குக் கொண்டு வந்த கருவியின் அடிப்படையும் இதுதான்.

விளம்பரத்தில் "300 மீட்டர் ஆழம் வரை" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் "1000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று அச்சடித்திருந்தார்களே, அது நினைவிருக்கிறதா? அது போன்ற எண்தான் இதுவும். நீங்கள் பார்க்க வேண்டியது அலைவரிசை. 200 கிலோ ஹெர்ட்ஸ் குறைந்த ஆழத்தில் தெளிவாகக் காட்டும். 50 கிலோ ஹெர்ட்ஸ் அதிக ஆழம் போகும். ஆனால் நுணுக்கம் குறையும். கரையை ஒட்டித் தொழில் செய்பவருக்கு 200 போதும். ஆழ்கடலுக்கும் போவதாக இருந்தால் இரண்டும் உள்ளதாக வாங்குங்கள்.

அடுத்து, ஸ்க்ரீனில் நீந்தும் மீன் பொம்மைகள். அவை சாப்ட்வேரின் ஊகம். மீனின் காற்றுப்பையில் பட்டுத்தான் ஒலி நன்றாகத் திரும்புகிறது. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் மங்கலாகவே தெரியும். கூட்டமாக வரும் சொறி கூடச் சில சமயம் மீனாகிவிடும். மேலும், 20 டிகிரி கோணக் கருவி 30 மீட்டர் ஆழத்தில் பார்ப்பது சுமார் 10 மீட்டர் அகல வட்டம் மட்டுமே. எனவே மீனைத் தேடுவதை விட, கலவா ஒதுங்கும் பாறையும் பாரும் எங்கே என்று தேட இதைப் பயன்படுத்துவதே லாபம். பொம்மைகளை ஆப் செய்துவிட்டு வளைவுகளைப் படிக்கப் பழகுங்கள்.

இப்போது போன் விஷயம். பந்து போல மிதக்கும் கருவி, வை-பி மூலம் போனுக்குப் படம் அனுப்புகிறது. இதற்கு இன்டர்நெட் தேவையில்லை; உண்மைதான். ஆனால் வெயிலில் படம் தெரிய வெளிச்சத்தை முழுவதும் கூட்ட வேண்டும். மணிக்கணக்கில் ஸ்க்ரீன் எரிந்தால் பேட்டரி என்ன ஆகும்? இன்ஜின் நின்றுவிட்டால் வீட்டுக்கும், கடலோரக் காவல் படையின் 1554க்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கும் அழைக்க இருப்பது அந்தப் போன்தான். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் மூலம் கரை எந்தப் பக்கம் என்று காட்டுவதும் அதுதான். உயிர் காக்கும் பொருளை மீன் பார்க்கத் தீர்த்துவிடலாமா?

அப்படியானால் எதை வாங்கலாம்? தனி ஸ்க்ரீனும் தனி 12 வோல்ட் பேட்டரியும் கொண்ட சிறிய கருவியை வாங்குங்கள். ட்ரான்ஸ்டியூசர் கழற்றி மாட்டும் கிளாம்ப்புடன் இருக்கட்டும். நம் குப்பங்களில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறோம். அடியில் நிரந்தரமாகப் பொருத்தினால் முதல் வாரமே உடையும். இன்ஜின் விசிறியின் நுரை படாத இடத்தில் மாட்டுங்கள். ஐபிஎக்ஸ்7 தரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில். உப்பு நீர் பட்டால் கழுவித் துடைக்க வேண்டும். சர்வீஸ் இந்தியாவில் உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் இன்னும் ஒன்று செய்யுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை இலவசமாக வெளியிடுகிறது. தடைக்காலத்திலும் மேகமூட்டமான நாட்களிலும் இது வராது. மற்ற நாட்களில் புறப்படும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக் குறித்துக் கொள்ளலாம். ஒரு மாதம் இதைப் பயன்படுத்திப் பாருங்கள். எரிபொருள் செலவு எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கு எழுதுங்கள். பிஷ் பைண்டர் தேவையா என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும்.