பழியைப் பண்பாட்டின் மேல் போடுகிறவர்கள்

அமெரிக்காவில் குடியேறிய கொரியப் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை? முப்பது ஆண்டுகளாக அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்து வருகின்றன. கிடைக்கும் பதில்களில் அடிக்கடி தலைகாட்டும் சொல் ஒன்று உண்டு: பண்பாடு. கொரியப் பெண்கள் கூச்சப்படுகிறவர்கள், விதியை நம்புகிறவர்கள், வீட்டாருக்குப் பிறகே தம்மைப் பற்றி யோசிப்பவர்கள், அதனால் வருவதில்லை என்கிறார்கள்.

இந்தப் பல்லவி நமக்குப் புதிதல்ல. நம் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் ‘அவங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்பார்கள். நம் தெருப் பெண்கள் மருத்துவ முகாமுக்கு வராவிட்டால் ‘அவங்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்பார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு சமூகத்தின் குணத்தைக் காரணமாகக் காட்டிவிட்டால் மருத்துவமனையும் அரசும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் கடல் கடந்த இந்த விஷயத்தையும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறோம்.

முதலில் நோயைப் பற்றி. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதுமாக ஹெச்பிவி எனும் வைரஸால் வருகிறது. தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் செல்களில் நேரும் மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் புற்று வராமலேயே தடுக்கலாம். அதற்கான ‘பாப்’ பரிசோதனையை உருவாக்கியவர் ஜார்ஜ் பாபனிகோலாவ். கிரேக்கத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவர். அவருடைய மனைவி பல ஆண்டுகள் தன் உடலிலிருந்தே மாதிரிகள் கொடுத்து அந்த ஆய்வுக்குத் துணை நின்றார். பரிசோதனையை விளக்கும் நூல் 1943இல் வந்தது. ஒரு குடியேறியும் அவர் மனைவியும் சேர்ந்து கொடுத்த கருவி, குடியேறிய பெண்களுக்கே எட்டாமல் போயிருக்கிறது.

எண்களைப் பாருங்கள். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகள் 1988 முதல் 1992 வரையிலான விவரத்தை இனவாரியாகப் பிரித்து வெளியிட்டன. இந்நோய் லட்சம் பெண்களில் ஆண்டுக்கு வியட்நாமியருக்கு 43 பேரையும் கொரியருக்குச் சுமார் 15 பேரையும் பிடித்திருந்தது. வெள்ளையருக்கு அதில் ஏறக்குறைய பாதி. பிரித்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. ‘ஆசியர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டியிருந்தால், படித்த, வசதியான ‘முன்மாதிரிச் சிறுபான்மை’ என்ற புகழுரைக்குள் இந்தப் பெண்கள் மறைந்தே போயிருப்பார்கள். சாதிவாரிக் கணக்கெடுப்பு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

இனி அந்தப் பெண் எப்படி முடிவெடுக்கிறாள் என்று பார்ப்போம். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் கொரியர்கள் பெருந்தொகையாக அமெரிக்கா போனார்கள். ஊரில் பட்டம் படித்தவர்கள்கூட ஆங்கிலம் கைகொடுக்காததால் மளிகைக் கடை, சலவைக் கடை, நகப்பூச்சுக் கடை என்று சிறுதொழிலில் இறங்கினார்கள். கணவனும் மனைவியும் காலை முதல் இரவு வரை கடையில் நிற்பார்கள். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலை கொடுக்கும் நிறுவனத்தின் வழியாக வருவது. சொந்தக் கடைக்காரருக்கு அதை யார் கொடுப்பார்? 2010இல் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்து நடைமுறைக்கு வரும்வரை, ஆசிய இனத்தவரிலேயே காப்பீடு இல்லாதவர் விகிதம் மிக அதிகமாக இருந்த சமூகங்களில் ஒன்று கொரியச் சமூகம்.

சலவைக் கடையில் நிற்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வலி இல்லை, உதிரப்போக்கு இல்லை. ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்பது அவருடைய முதல் கணக்கு. போவதென்றால் அரை நாள் கடையைச் சாத்தவேண்டும். கட்டணம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்வார் யாருமில்லை. தொலைபேசியில் நேரம் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். மருத்துவர் ஆணாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற வயதில் அந்த மருத்துவரிடம் ஏன் போகிறாள் என்று தெரிந்தவர்கள் கேட்கலாம். எல்லாம் தாண்டிப் போய், முடிவு மோசமாக வந்தால் சிகிச்சைக்குப் பணம் எங்கே? பணமில்லாத வீட்டில் நோயைத் தெரிந்துகொள்வதே ஒரு செலவு. இத்தனையையும் கூட்டிக் கழித்து அவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்கிறார். இதை அறியாமை என்பவர் அந்தக் கடையில் ஒரு நாள் நின்றவராக இருக்க முடியாது.

பண்பாடு இதில் இல்லவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கொரிய மொழியில் மகப்பேறு, பெண் மருத்துவப் பிரிவுக்குப் பெயர் ‘சன்புயின்குவா’. அதில் ‘புயின்’ என்றால் மணமானவள். பெயரே மணமாகாதவளை வெளியே நிறுத்துகிறது. கருப்பையைக் குறிக்கும் ‘ஜாகுங்’ என்ற சொல்லில் இருக்கும் ‘ஜா’ மகனையும் குறிக்கும் எழுத்து. இரண்டையும் மாற்றவேண்டும் என்று கொரியப் பெண்களே தென்கொரியாவில் குரல் கொடுத்து வருகிறார்கள். பண்பாடு என்பது கல்வெட்டல்ல. அதற்குள்ளேயே சண்டை போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் ஆய்வாளரின் கண்ணுக்கு அவர்கள் படுவதில்லை.

கூச்சம்தான் காரணம் என்றால் தென்கொரியாவில் நடப்பதை எப்படி விளக்குவது? அங்கே 1999இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய அரசுப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் படிப்படியாக எல்லாருக்கும் விரிந்தது. 2016 முதல் 20 வயதான எல்லாப் பெண்களுக்கும் இரண்டு ஆண்டுக்கொரு முறை கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். தேசியக் காப்பீட்டு நிறுவனமே தகவல் அனுப்பி அழைக்கிறது. மற்ற பரிசோதனைகளோடு சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம். பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் வருகிறார்கள். அதே மொழி, அதே கூச்சம், அதே மாமியார். மாறியது ஏற்பாடு மட்டும்தான். அமெரிக்காவில் வாழும் கொரியர்கள் பலர் விமானம் ஏறி ஊருக்குப் போகும்போது உடல் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு வருகிறார்கள். 1970களிலும் 80களிலும் புறப்பட்டுவிட்ட மூத்த பெண்களோ அந்தத் திட்டம் வருவதற்கு முன்பே ஊரை விட்டவர்கள். இந்தக் கரையிலும் ஏற்பாடு இல்லை, அந்தக் கரையில் வந்த பழக்கமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலேயே சரியாகச் செய்து காட்டியவர்களும் உண்டு. அந்நாட்டுக் கொரியர்களில் 71 சதவீதம் கிறிஸ்தவர்கள் என்று பியூ ஆய்வு நிறுவனம் 2012இல் சொன்னது. வேலை, வீடு, பள்ளி எல்லாத் தகவலும் கிடைக்கும் இடம் தேவாலயம்தான். பால்டிமோர், வாஷிங்டன் வட்டாரத்தில் 23 கொரியத் தேவாலயங்களைச் சேர்ந்த 560 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற கொரியப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகப் போனார்கள். மருத்துவச் சொற்களைப் புரியவைத்தார்கள், நேரம் வாங்குவது எப்படி என்று சொல்லித்தந்தார்கள், பிறகு மாதக்கணக்கில் தொலைபேசியில் கூடவே இருந்தார்கள். அப்படித் துணை கிடைத்த குழுவில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் மற்றக் குழுவைவிடப் பல மடங்கு அதிகம். பண்பாட்டை யாரும் மாற்றவில்லை. வழியில் கிடந்த கல்லை எடுத்துப்போட்டார்கள், அவ்வளவுதான்.

பெண் தானே மாதிரி எடுத்துக்கொள்ளும் முறைக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. 2024இல் மருத்துவமனைக்குள், 2025இல் வீட்டிலேயே. கூச்சம் என்ற சாக்கு இதோடு தீர்ந்தது. ஆனால் கருவியோடு வரும் விளக்கத்தாள் எந்த மொழியில் இருக்கும்? முடிவு மோசமாக வந்தால் அடுத்த கட்டத்துக்கு யார் கூட்டிப்போவார்? ஆங்கிலம் அறியாதவருக்கு அரசு உதவி பெறும் சேவைகள் மொழித்துணை தரவேண்டும் என்று 2000இல் போட்ட அதிபர் ஆணை 2025 மார்ச்சில் ரத்தானது. புதிதாக வருபவர் நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றாலும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் ஐந்து ஆண்டு காத்திருக்கவேண்டும் என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. இவற்றை இயற்றியது கொரியப் பண்பாடு அல்ல.

நம் ஊருக்கு வருவோம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நம் பெண்களுக்கு மட்டும் கூச்சம் குறைவா? சுகாதாரக் கட்டமைப்பில் இருக்கும் வித்தியாசம் அந்த எண்ணில் தெரிகிறது. பத்தில் ஒருவர்கூட இல்லை என்ற வெட்கமும் அதிலேயே தெரிகிறது.

களத்துக்குப் போகும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஏன் வரவில்லை?’ என்று அந்த அம்மாவிடம் கேட்பதற்கு முன், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்: எந்தக் கிழமை பரிசோதனை நடக்கிறது? எடுப்பது பெண்ணா? திரை இருக்கிறதா? அன்றைய கூலி போனால் யார் தருவார்? முடிவைச் சொல்ல யார் வீடு தேடி வருவார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கி, அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். அவர் முடிவெடுப்பார். அவருக்குக் கணக்குப் போடத் தெரியும்.