எண்ணெய்ப் பணத்தில் ஓடும் பசுமைக் கார்

லூசிட் நிறுவனத்தின் வளர்ச்சியைத் தனிமனிதத் துணிவின் வெற்றிக் கதையாக மேலாண்மை வகுப்புகளில் சொல்லுவோர் அதன் வரவுசெலவுக் கணக்கை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

2007இல் கலிஃபோர்னியாவில் அட்டீவா என்னும் பெயரில், பிறர் வாகனங்களுக்குரிய பேட்டரித் தொகுப்புகளை உருவாக்கும் நிறுவனமாகவே அது தோன்றியது. 2016இல் பெயரை மாற்றிக்கொண்டு சொகுசுக் காரை அறிவித்தது. ஆனால், தொழிற்சாலைக்குப் பணமில்லை. 2018இல் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் 100 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்த பின்னரே அரிசோனாவில் ஆலை எழுந்தது. 2021இல்தான் முதல் கார் வாடிக்கையாளரை அடைந்தது.

2023இல் லூசிட் ஒப்படைத்த கார்கள் 6,001. அவ்வாண்டின் நிகர இழப்பு ஏறத்தாழ 280 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: காருக்கு நான்கரை லட்சம் டாலருக்கும் மேல்! இத்தகைய இழப்பைச் சந்தை பொறுக்காது. கச்சா எண்ணெய் விற்றுச் சேர்த்த கருவூலம் பொறுக்கிறது. அந்த அரசே பத்தாண்டுகளில் ஒரு லட்சம் கார்கள் வரை வாங்கவும் 2022இல் உடன்பட்டது. முதலாளியும் அரசு, வாடிக்கையாளரும் அரசு. இதற்குப் பெயர் தனியார் முனைப்பாம்.

பொறியியலை நான் குறை சொல்லவில்லை. டெஸ்லா மாடல் எஸ் காரின் தலைமைப் பொறியாளராக இருந்த பீட்டர் ராலின்சன் தலைமையில் உருவான 'ஏர்', ஒருமுறை மின்னேற்றினால் 837 கிலோமீட்டர் ஓடுமென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே மதிப்பிட்டது. அது பெருஞ்சாதனை. அரசு பணம் போடுவதும் குற்றமன்று. பொதுப்பணம் என்று ஒப்புக்கொண்டால், அது ஏன் பேருந்துக்குப் போகவில்லை என்று கேட்கும் உரிமை மக்களுக்கு வந்துவிடும். தொழில்முனைவோர் புராணம் அந்தக் கேள்வியைத்தான் மறைக்கிறது.

"முதலில் செல்வர்க்கு, பின்னர் எல்லோர்க்கும்" என்னும் வாதமும் உண்டு. 'ஏர்' காருக்குப் பின் லூசிட் கொண்டுவந்தது 'கிராவிட்டி' என்னும் மற்றொரு சொகுசு வாகனம்.

இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. 2024 மார்ச்சில் இந்திய அரசு அறிவித்த மின்வாகனக் கொள்கை, இங்கே 4,150 கோடி ரூபாய் முதலிட உறுதியளிக்கும் நிறுவனங்களுக்கு, அதுவரை 70 முதல் 100 விழுக்காடாக இருந்த இறக்குமதி வரியை 15ஆகக் குறைத்தது. எந்தக் கார்களுக்கு? 35,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ளவற்றுக்கு மட்டும்.