குன்மிங் கணக்கு

2020 ஜூன் தொடக்கத்தில் லடாக் எல்லை கொதித்துக்கொண்டிருந்தபோது சீன அரசுத் தொலைக்காட்சி ஒரு காட்சியை ஒளிபரப்பியது. ஹூபே மாகாணத்திலிருந்து பல ஆயிரம் பாராசூட் வீரர்கள் சில மணி நேரத்தில் வடமேற்கு மலைப்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். நம் சேனல்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. காட்பாடிப் பக்கம் என்னைப் பார்த்தவர்களெல்லாம், "நீங்க பாராவுல இருந்தவராச்சே, என்ன சார் ஆகும்?" என்று கேட்டார்கள். "அவங்க போனது பயணிகள் விமானத்துலயும் ரயில்லயும். யாரும் குதிக்கலையே" என்றேன். கேட்டவர்களுக்கு அது பதிலாகவே படவில்லை. ஆக்ராவில் கொக்கியைக் கம்பியில் மாட்டிக்கொண்டு விமானக் கதவருகே நின்றவனுக்கு எழும் முதல் கேள்வி வேறு: இவர்கள் இதுவரை எங்கே, யார் தலைமேல் குதித்திருக்கிறார்கள்?

சீன ராணுவம் தன் பாராசூட் படையின் வயதை 1950லிருந்து எண்ணுகிறது. அந்த ஆண்டு, நாடெங்கும் போரில் பெயரெடுத்த சிப்பாய்களைப் பொறுக்கியெடுத்து விமானப் படையின் கீழ் ஒரு பிரிகேடு அமைத்தார்கள். செப்டம்பர் 29 அன்று ஹெனான் மாகாணத்துக் கைஃபெங்கில் முதல் குதிப்பு. சோவியத் ஆலோசகர்கள் உடனிருந்தார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் சீனர்கள் பாராசூட் கட்டிக்கொண்டு போருக்குப் போனது இதற்கு ஐந்தாண்டு முன்பே நடந்துவிட்டது.

1944 தொடக்கத்தில், யுன்னான் மாகாணத்தின் குன்மிங்கில், சியாங் கை ஷேக்கின் கோமிண்டாங் ராணுவம் முதல் பாராசூட் ரெஜிமென்டை உருவாக்கியது. பெயர் கிடைத்ததே தவிர வசதி கிடைக்கவில்லை. குதிக்க விமானம் வேண்டும், மடித்துக் கட்டப் பாராசூட் வேண்டும், அதை மடிக்கத் தெரிந்த கை வேண்டும். ஜப்பான் கடற்கரையை அடைத்திருந்தது. குன்மிங்குக்கு அமெரிக்கச் சரக்கு பெரும்பாலும் அஸ்ஸாமின் விமானத் தளங்களிலிருந்து மலைத்தொடரைத் தாண்டித்தான் போனது. 1945இல் அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ் பயிற்சியைக் கையிலெடுத்து, படையை இருபது கமாண்டோ பிரிவுகளாகப் பிரித்தது. ஒவ்வொன்றிலும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சீனர்கள், கூட இருபது சொச்சம் அமெரிக்கர்கள், நடுவில் மொழிபெயர்ப்பாளர்கள். வந்து சேர்ந்த சிப்பாய்களில் பலர் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். முதலில் வயிற்றுக்குப் போட்டுத் தேற்ற வேண்டியிருந்தது. கதவில் நிற்கும்போது கால் நடுங்குவது பயத்தால் மட்டுமல்ல என்பது பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் 1945 ஜூலை 12 அன்று குவாங்டோங்கின் கைபிங் பகுதியில் ஜப்பானியப் போர்முனைக்குப் பின்னால் குதித்தார்கள். ஜூலை 27 அன்று ஹூனானில், ஹெங்யாங் பக்கம் இன்னொரு பிரிவு இறங்கியது. குவாங்ஷியின் டான்ஜு விமானத் தளத்துக்காக நடந்த தரைச் சண்டையில் கமாண்டோக்கள் நிறையப் பேரை இழந்தார்கள். அடுத்த சில நாட்களில் ஹிரோஷிமா, போர் முடிந்தது. இன்னும் ஆறு மாதம் நீண்டிருந்தால் இந்தப் பிரிவுகளின் பெயர் உலகுக்கே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு கோமிண்டாங்குக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர். எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். 1949 ஏப்ரலில் கோமிண்டாங்கின் மூன்றாவது பாராசூட் ரெஜிமென்ட் ஷாங்காயில் ஒரு தரையிறங்கு கப்பலில் ஏறியது. போக வேண்டிய இடம் தெற்கே ஃபூஜியன். கமாண்டர் லியூ நோங்ஜுன் கம்யூனிஸ்டுகளோடு ரகசியத் தொடர்பில் இருந்தார். நடுக்கடலில் கப்பல் வடக்கே திரும்பி, கம்யூனிஸ்டுகள் வசமிருந்த லியான்யுன்காங் துறைமுகத்தில் போய் நின்றது. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பேர், ஒரே நாளில் கொடி மாறினார்கள். மா சே துங்கின் ராணுவத்துக்குப் பாராசூட் வித்தை தெரிந்த ஆட்கள் கிடைத்தது இப்படித்தான். அவர்களில் பலர் புதிய படைக்கு ஆசிரியர்களானார்கள். தரையைத் தொட்டதும் உருள குன்மிங்கில் அமெரிக்கர்களிடம் கற்ற வித்தை, கைஃபெங்கில் செஞ்சேனைச் சிப்பாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

புதிய பிரிகேடு கொரியப் போரில் குதிக்கவில்லை. மாறாக, 1951 மார்ச் 23 அன்று முன்சான்னியில் சீன, வடகொரியப் படைகளை மடக்க அமெரிக்கர்கள்தான் குதித்தார்கள். அவர்களோடு நம் 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸின் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜும் சில இந்தியர்களும் குதித்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கொரியாவில் ஷாங்கன்லிங் குன்றில் பெயரெடுத்த 15வது ராணுவத்தை 1961இல் பாராசூட் படையாக மாற்றினார்கள். ஹூபேயிலிருந்து 2020இல் கிளம்பியவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தின்போது சுமார் ஐயாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து, கீழே வழிகாட்ட ஆளில்லாமல், பதினைந்து பேர் குதித்தார்களே, அவர்களும் அந்தப் படைதான். அந்தக் குதிப்புக்கு நான் சல்யூட் அடிக்கிறேன். ஆனாலும் கீழே காத்திருந்தது எதிரியல்ல.

உள்நாட்டுப் போரில் தோற்றுத் தைவானுக்குப் போன கோமிண்டாங் பாராசூட் வீரர்கள் 1953 ஜூலையில் டோங்ஷான் தீவில் குதித்தார்கள். பெரும் இழப்போடு தோற்றார்கள். மக்கள் சீனத்திலேயே தங்கிவிட்ட பழைய வீரர்களுக்கோ, கோமிண்டாங் ராணுவத்தில் இருந்ததே கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் குற்றமாகிப்போனது. ஜப்பானியர் நடுவே குதித்தவனுக்கு அவன் நாடு செய்த மரியாதை அது.

ஒரு படையின் வயதை ஆட்சி மாறிய தேதியிலிருந்து எண்ணுவது அரசியல், ராணுவ வரலாறு அல்ல. கைஃபெங்கைக் கொண்டாடட்டும், குன்மிங்கையும் கணக்கில் சேர்க்கட்டும். நம் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஹூபேயிலிருந்து அப்படியொரு காட்சி வரும்போது, மிரட்டும் பின்னணி இசையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு இதையும் ஒரு வரி சொல்லுங்கள். சீனர்கள் போரில் எதிரியின் நடுவே படையாகக் குதித்தது 1945லும் 1953லும். இரண்டு முறையும் குதித்தவர்கள் இன்றைய செங்கொடியின் கீழ் இருந்தவர்கள் அல்ல.