ஒளியைக் குடிக்கும் ஈரம்

உருகிய கண்ணாடியில் நியோடிமியம் என்ற அருமண் தனிமத்தைச் சிறிதளவு கலந்தால் அது இளம் ஊதா நிறம் பெறும். விளக்கொளி பட்டால், கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை உமிழும். இத்தகைய கண்ணாடியில் 1961-இல் லேசரை உண்டாக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் எலையஸ் ஸ்னிட்சர். எர்பியம் என்ற மற்றோர் அருமண் தனிமம் கலந்த கண்ணாடி இழை 1.55 மைக்ரான் ஒளியைப் பெருக்குவதால்தான் கடலடி வடங்கள் வழியே இணையம் கண்டம் கடக்கிறது.

இத்தகைய கண்ணாடிகளைப் பற்றி, புதிய கலவை, புதிய நிறமாலை என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. அவை தேவைதான். ஆனால் இத்துறையின் கடினமான பகுதி உலையில்தான் இருக்கிறது. அதற்குரிய மதிப்பை நாம் தருவதில்லை.

கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்திலுள்ள மாபெரும் லேசரைப் பாருங்கள். அதற்கு நியோடிமியம் கலந்த பாஸ்பேட் கண்ணாடிப் பாளங்கள் 3,072 தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 செ.மீ. நீளம். பாஸ்பேட்டுக்கு ஈரத்தின் மீது தீராத ஈர்ப்பு. உள்ளே புகுந்த ஈரம் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன்) தொகுதியாகத் தங்கிவிடும். நியோடிமியம் ஒளியாக வெளிவிட வேண்டிய ஆற்றலை அது அதிர்வாகப் பிடுங்கி வெப்பமாக்கிவிடும். எனவே, கண்ணாடிக் குழம்பில் ஆக்சிஜனோடு குளோரினையும் செலுத்தி ஈரத்தை விரட்ட வேண்டும். அது முடிந்தால் அடுத்த தொல்லை: பிளாட்டினக் கலனிலிருந்து நுண்துகள்கள் உதிரும். கண்ணாடியில் ஒரு துகள் தங்கினாலும், லேசர் பாயும்போது அந்த இடம் வெடித்து விரிசல் விடும். ஹோயா, ஷாட் ஆகிய கண்ணாடி நிறுவனங்கள் பல ஆண்டுகள் உழைத்து, இடைவிடாமல் உருக்கி வார்க்கும் முறையைக் கைவசப்படுத்தின. 2022 டிசம்பர் 5-இல் அந்த லேசரின் 2.05 மெகாஜூல் ஒளி, அணு இணைவின் மூலம் 3.15 மெகாஜூலை ஈன்றது. அந்த வெற்றியில் கண்ணாடி உருக்கியவர்களின் பங்கு பெரிது.

நம் நாட்டிலும் இதற்கான மூலப்பொருள் உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் நியோடிமியமும் உண்டு. எர்பியம்தான் மிகக் குறைவு. கொல்கத்தாவில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணும் அறிவும் இருந்தும், பெரிய பாளத்தைப் பழுதின்றி வார்க்கும் கைத்திறன் ஆண்டுக்கணக்கான தொடர் உருக்கலில்தான் படியும். மூன்றாண்டு ஆய்வுத் திட்டங்களுக்குள் அது அடங்காது. பத்தாண்டுகளுக்குக் குறையாத நிதியும், உலைப் பணியாளர்களுக்கு நிரந்தரப் பதவியும் வேண்டும். நிதி கோரும் விண்ணப்பங்களில் ஒளிர்வு வரைபடத்துடன், கண்ணாடியில் எஞ்சிய ஈரத்தின் அளவையும் வார்த்த பாளத்தின் எடையையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும்.